கொடுத்த கோட்டு

ஜேர்மனியின் ஹம் நிலையத்தில் அடுத்த ரயிலுக்குக் காத்து நிற்கிறேன். பனி கொட்டுகிறது. மேடையில் பெட்டிகளோடு ஒரு தமிழ்க் குடும்பம் பருத்தி உடுப்பில் நடுங்குகிறது. வழியனுப்ப வந்தவர்களோ தடித்த கோட்டுகளுக்குள் சுகமாக நிற்கிறார்கள்.

“கோட்டு இல்லையே, அக்கா?” என்று அந்தக் குடும்பத்துப் பெண்ணைக் கேட்கிறேன்.

“அவுஸ்திரேலியாவுக்கெல்லோ ஒரேயடியாப் போறம். அங்க இப்ப நல்ல வெயிலாம். எல்லாத்தையும் இவையளுக்குக் குடுத்திட்டம்.”

அந்த நேரம் பார்த்து, ரயில் தாமதம் என்கிறது ஒலிபெருக்கி. எல்லாரும் விழுந்து விழுந்து சிரிக்கிறார்கள். வழியனுப்ப வந்த ஒரு தோழி கோட்டைக் கழற்றப் போகிறாள்.

“குடுத்ததைத் திருப்பி வாங்க ஏலாது!” என்று அக்கா தடுக்கிறாள்.

“அப்ப உள்ளுக்கு வாங்கோ அக்கா,” என்று தோழி கோட்டை விரிக்கிறாள். மற்றவர்களும் விரிக்கிறார்கள். ஒரு கோட்டுக்குள் இரண்டு பேர், ஓயாத கதை.

ரயில் வந்து நிற்கிறது. எந்தக் கோட்டுக்குள்ளிருந்தும் ஒருவரும் வெளியே வரக் காணோம்.