தண்ணீருக்குத் திறந்த கதவு

குன்னூரில் இன்று என் வீட்டு மாடியில் ஒழுகலுக்குத் தார் காய்ச்சி ஊற்றுகிறார்கள். அந்த வாடை பட்டதும் நினைவில் சேரங்கோட்டுக்கே போய்விட்டேன். அங்கே எஸ்டேட் தொழிலாளர் லைனில் நாங்கள் குடியிருந்த அந்த வீடு இருந்த இடத்தில் இப்போது வெறும் தேயிலைதான். மழைக்கு முன்னால் அப்பா தகரக் கூரையின் ஆணி ஓட்டைகளைத் தாரால் அடைப்பார், அம்மா பின்சுவரை ஒட்டித் தண்ணீர் ஓடும் கானைத் தூர் வாருவாள், பிறகு மூன்று மாதம் தகரத்தில் விழும் மழைச் சத்தத்துக்கு மேல் கத்தித்தான் பேசிக்கொள்வோம்.

எனக்குப் பத்து வயதில் ஒரு மத்தியானம் வீட்டுக்குப் பின்னாலிருந்த மேட்டு மண் சரிந்து கானை அடைத்துவிட்டது. அப்பா பேக்டரியில் இருந்தார். பின்கதவுக்கு வெளியே தண்ணீர் முழங்கால் அளவு ஏறியது. நானும் அம்மாவும் இடுக்கில் சாக்கைத் திணித்து, கதவில் முதுகைக் கொடுத்து நின்றோம். மண் வைத்துக் கட்டிய பின்சுவர் ஊறிக் கறுத்து, உள்பக்கமாக உப்பத் தொடங்கியது. அம்மா அதில் கையை வைத்துப் பார்த்தாள்.

"சாக்க எடு புள்ள. கதவத் தொறந்துருவோம்."

"ஊட்டுக்குள்ள வந்துருமேம்மா!"

"வரட்டும். தேங்குனா செவுரே போயிரும்."

முன்கதவைத் திறந்து வைத்தாள், என்னைக் கட்டிலில் ஏற்றினாள், பின்கதவின் தாழ்ப்பாளை நீக்கினாள். செந்தண்ணீர் அடுப்பை அணைத்து, அரிசிப் பானையை உருட்டி, என் பள்ளிப் பையையும் இழுத்துக்கொண்டு வாசல் வழியே இறங்கியது. அம்மா சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

சுவர் நின்றது.

வெகுநேரம் கழித்து என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். என் கையைப் பிடித்துக்கொண்டாள், விடவே இல்லை.

"நான் பயந்தத அப்பாகிட்ட சொல்லிராத" என்றாள்.