எனக்காக அழுத மூப்பர்

என் கையெழுத்து கோணல், பிழைகளும் இருக்கும். ஐந்தாவதோடு படிப்பு நின்றவன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதுநகரில் எங்கள் சபை மூப்பர் எப்போதும் கஞ்சி போட்ட வெள்ளை வேட்டியில்தான் வருவார். யார் பேசினாலும் அவர்கள் கையைத் தம் இரு கைகளுக்குள் வைத்துக்கொண்டு, கண்ணை மூடிக் கேட்பார். அப்படிக் கேட்டவரிடம்தான், "குடியை விட்டு ஆறு மாசம் ஆவுது, மறுபடி விழாம இருக்க ஜெபம் பண்ணுங்க ஐயா" என்று கூச்சத்தோடு சொன்னேன்.

"நம்ம ரெண்டு பேருக்குள்ளயே இருக்கும் தம்பி" என்றார்.

அடுத்த ஞாயிறு, என் மகளைப் பெண் பார்க்கச் சிதம்பரத்திலிருந்து வந்தவர்கள் ஆராதனையில் எங்களோடு உட்கார்ந்திருந்தார்கள். ஜெப விண்ணப்பம் சொல்லும் நேரத்தில் மூப்பர் மைக்கில் என் பெயரைச் சொன்னார். "இவரு குடியிலேருந்து விடுதலையாவணும். எல்லாரும் முழங்கால் போடுங்க." அவரும் முழங்காலிட்டுத் தேம்பினார்.

வந்தவர்கள் சாப்பிடாமலே பஸ் ஏறிவிட்டார்கள்.

"நான் விட்டுட்டேன்னுதானே ஐயா சொன்னேன்" என்று அவரிடம் கேட்டேன்.

"மூடி மறைச்சு பொண்ணக் கட்டிக் குடுக்கலாமா தம்பி? உங்களுக்காக நான் அழுதத ஆண்டவர் பாத்தாரு."

நானும் பார்த்தேன். அது நடிப்பில்லை. நடிப்பாக இருந்திருந்தால் அவரை வெறுத்துவிட்டு ஆறியிருப்பேன். மகள் இன்னும் என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

மார்ச் 16, ஞாயிறு.