சுரூபம் போகாத வீடு

மாதாவுக்கு ஜெபமாலை சொல்லும் மாதமான அக்டோபர் வந்தால் எங்கள் தெருவில் பக்தி பொங்கி வழியும். மாதா சுரூபம் ஒவ்வோர் இரவும் ஒரு வீட்டில் தங்கும். அன்று அந்த வீட்டில் புதுத் திரைச்சீலை, சீரியல் பல்பு, முல்லைச் சரம். பெண்கள் ஜெபமாலை உருட்டியபடியே நேற்றைய சுண்டலோடு இன்றைய சுண்டலை ஒப்பிட்டுக்கொண்டிருப்பார்கள். ஆண்கள் வாசலில் கைப்பேசியைத் தடவிக்கொண்டு 'எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்' என்று முனகுவார்கள். தெருவிலுள்ள கிறிஸ்தவக் குடும்பங்கள் சேர்ந்த இந்த அன்பியத்துக்குத் தலைவன் நான், ஓய்வுபெற்ற தலைமையாசிரியன். மாதா எந்த வீட்டுக்குப் போகவேண்டும் என்பதை நான்தான் முடிவுசெய்தேன். மாதாவைக் கேட்டதில்லை.

தெருக்கோடி வீட்டுக்காரர் தோல் பதனிடும் ஷாப்பில் பச்சை மாட்டுத்தோல் அலசியவர். நோயில் படுத்துவிட்டார். போன ஆண்டு அவர் மனைவி என்னிடம் வந்தாள்.

"சார், இந்த வருசமாச்சும் மாதாவ எங்க வீட்டுக்குக் கொண்டாங்க. கண்ண மூடுறதுக்குள்ள ஒரு ராத்திரி ஆத்தா பக்கத்துல இருக்கணும்ங்கிறாரு."

"கடைசி நாள் உங்க வீடுதாம்மா" என்றேன்.

அந்த நாளும் வந்தது. சுரூபத்தோடு தெருமுனையை எட்டியதும் பாட்டு நின்றது. எங்களில் உரக்கப் பாடும் அம்மாள் முந்தானையால் மூக்கைப் பொத்தினாள்.

"உள்ள செத்த நேரம் நின்னாலே குமட்டும் சார். மாதா பட்டுல வாடை ஏறிரும்."

"மாதாவுக்கு ஜலதோசம்னு சொல்லிருவமா?" என்றார் பின்னால் ஒருவர்.

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வாடை என்றோம், சாதி என்று சொல்ல நா கூசியது. தூறல் விழுந்தது. அதையே சாக்காக்கிச் சுரூபத்தைக் கோயிலுக்குத் திருப்பினேன். தெருக்கோடி வீட்டின் புதுச் சுண்ணாம்பு அடித்த சுவரோரம், மெழுகுத்திரியைக் கையால் மறைத்தபடி அவள் நின்றிருந்தாள்.

ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் கோயிலில் குடில் கட்டுகிறவன் நான். மாட்டுப் பொம்மையை மாதாவின் முகத்துக்கு நேரே வைப்பேன். மாட்டுக் கொட்டிலில் பிள்ளை பெற்றவளுக்கு மாட்டுத்தோல் வாடை ஆகாது என்று தீர்மானித்தவனும் நான்தான். போன ஆண்டுக் குடிலைப் பிரிப்பதற்குள் தெருக்கோடி வீட்டுக்காரர் இறந்துபோனார்.

இந்த அக்டோபரில் முதல் நாளே, யாரையும் அழைக்காமல், சுரூபத்தை நானே அவள் வீட்டுக்குத் தூக்கிப்போனேன். அவள் வெளியே வந்து மாதாவின் பாதத்தை முத்தமிட்டாள்.

"வாடை அவரோட போயிருச்சு சார். இனிமே வரலாம்னு கொண்டாந்தீகளாக்கும்?"

"மன்னிச்சிரும்மா."

"ஆத்தா மேல வருத்தமில்ல. அவ என்ன செய்வா, தூக்குறவுக போற பக்கம்தான போகணும். வேற வீட்டுக்குக் கொண்டுபோங்க."

கதவைச் சாத்திக்கொண்டாள். பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார்.

"அப்ப இன்னைக்கு நம்ம வீட்டுல வச்சிருவமா சார்? கடலை ஊறப்போட்டிருக்கு."

கொடுத்துவிட்டேன். அங்கே ஜெபமாலையை நானே நடத்தினேன். முதல் மணியிலிருந்து கடைசி மணிவரை என் குரல் ஒருமுறைகூடத் தடுமாறவில்லை. அதை நினைத்தால்தான் இப்போது குமட்டுகிறது.