பெயர் வெட்டிய முள்கரண்டிகள்

பழைய வெள்ளிக் கரண்டிகளைச் சேர்க்க நான் தொடங்கியது தொண்ணூறுகளின் நடுவில். அப்போது கல்பாக்கம் குடியிருப்பில் இருந்தோம். அளவுக் கருவிகளைச் சரிபார்க்கும் பிரிவில் எனக்கு வேலை. மாமல்லபுரத்துக்குப் போகும் கடற்கரைச் சாலையில் பழைய மரச்சாமான் கடைகள் ஒவ்வொன்றாக வந்துகொண்டிருந்த காலம் அது. இடிக்கிற வீடுகளின் கதவுகளும் தூண்களும் அங்கே வந்து சேரும். வெளிநாட்டிலிருந்து வந்தவர்கள் கதவுகளைத் தடவிப் பார்ப்பார்கள். நான் கதவுகளுக்குப் பின்னால் கிடக்கும் தகரப் பெட்டிகளைக் கிளறுவேன். பூட்டில்லாத சாவிகள், பீங்கான் குமிழ்கள், உடைந்த தராசுத் தட்டு. அவற்றுக்கு நடுவே சில நாள் வெள்ளைக்காரர்களின் மேசைக் கரண்டி ஒன்று கிடைக்கும்.

கிடைப்பதில் பெரும்பாலானவை வெள்ளியே அல்ல. சில ஜெர்மன் சில்வர். பெயரில் மட்டும்தான் வெள்ளி. சில வெள்ளி முலாம் பூசியவை. தேய்ந்த விளிம்பில் உள்ளிருக்கும் உலோகம் மஞ்சளாகத் தெரியும். அசல் இங்கிலாந்து வெள்ளியில் காம்பின் பின்புறம் சின்னச் சின்ன முத்திரைகள் வரிசையாக இருக்கும். அவற்றில் ஒன்று முன்னங்காலைத் தூக்கியபடி நடக்கும் சிங்கம். அந்தச் சிங்கம் அரிசியில் பாதி அளவுதான் இருக்கும் என்பதால் சட்டைப் பையில் ஒரு லென்ஸ் வைத்திருப்பேன். நான் வழக்கமாகப் போகும் கடையின் கடைக்காரர் எனக்கு வைத்த பெயர் பூதக்கண்ணாடி சார்.

எங்கள் வீட்டில் எல்லோரும் கையால் சாப்பிடுகிறவர்கள். வருகிறவர்களிடம் என் மனைவி சொல்வாள்: "எங்க வீட்டுக்காரர் வெள்ளியா வாங்கிக் குவிக்கிறார். எனக்குத்தான் ஒரு குங்குமச் சிமிழ் கிடையாது." என்னிடம் நேராகக் கேட்பது வேறு. "ஏங்க, ரசம் சாதத்தை இதால குத்தினா நிக்குமா?"

பிடியின் நுனியில் சிப்பி வடிவம் கொண்ட ஒரு வகையை மட்டும் நான் தொடர்ந்து தேடினேன். கரண்டிகள் சேர்ந்தன. கத்திகளும் சேர்ந்தன. முள்கரண்டிகள் மட்டும் பல ஆண்டுகள் அகப்படவில்லை. இரண்டாயிரம் பிறந்த பிறகு ஒரு நாள் கடைக்காரர் என்னைப் பார்த்ததும் உள்ளே போய் ஒரு துணி முடிச்சோடு வந்தார்.

"உங்க ஐட்டம் வந்துகீது சார். ஆனா பேரு வெட்டிகீது. வேணான்னா சொல்லிடுங்க, உருக்கக் குடுத்துடுறேன்."

ஆறு முள்கரண்டிகள். சிப்பி இருந்தது, சிங்கமும் இருந்தது. சிங்கத்தை ஒட்டி, ஆறிலும், புள்ளி புள்ளியாகத் தமிழ் எழுத்தில் ஒரு பெண்ணின் பெயர். முன்னால் தகப்பனாரின் இனிஷியல். கல்யாணச் சீர்ப் பாத்திரத்தில் வெட்டுகிற அதே முறை. அந்தப் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. முந்தைய உடைமையாளர் பொறித்ததை அழிக்கக் கூடாது என்பது இவற்றைச் சேர்க்கிறவர்களின் விதி. அரத்தால் ராவினால் உலோகம் மெலியும், முத்திரை மங்கும். எனக்கு அழிக்கும் எண்ணமும் இல்லை. வரவேற்பறைக் கண்ணாடி அலமாரியில், முத்திரைகள் தெரியட்டும் என்று, அவற்றைக் குப்புற அடுக்கினேன். பெயரும் தெரிந்தது.

அந்த ஆண்டு நவராத்திரியில் எதிர் வீட்டு அம்மா தன் தோழியைக் கொலு பார்க்க அழைத்து வந்தார். செங்கல்பட்டில் பள்ளி ஆசிரியை. ஐம்பது வயது இருக்கும். சுண்டலைக் கையில் வாங்கியவர் கொலுப் படிகளுக்குப் போகாமல் அலமாரி முன்னால் நின்றுவிட்டார். கொஞ்சம் திறந்து காட்ட முடியுமா என்று கேட்டார். ஒரு முள்கரண்டியை எடுத்துப் புள்ளிகளின் மேல் கட்டைவிரலை ஓட்டினார்.

"எங்கம்மா பேரு சார் இது. இனிஷியல் எங்க தாத்தாவுது."

எதிர் வீட்டு அம்மா சிரித்தார். "ஏன் டீச்சர், ஊர்ல அந்தப் பேரு ஒருத்திக்குத்தானா இருக்கும்?"

"பேரு ஆயிரம் பேருக்கு இருக்கும். முள்ளுக்கரண்டியில பேரு வெட்டினவங்க எங்கம்மா ஒருத்திதான்."

மற்றவர்கள் போன பிறகும் அவர் உட்கார்ந்திருந்தார். அவருடைய தாத்தா ஒரு வெள்ளைக்கார அதிகாரியின் பங்களாவில் சமையல்காரர். துரை ஊருக்குக் கப்பலேறியபோது கொடுத்துவிட்டுப் போனவை இவை. தாத்தா அவற்றை மகளுக்குச் சீராக வைத்து, பெயரும் வெட்டிக் கொடுத்தார். வீட்டில் தீபாவளிக்குச் சோமாசியின் ஓரத்தை அழுத்த மட்டும் வெளியே எடுப்பார்களாம். அம்மா இப்போது கூடுவாஞ்சேரியில் மகனோடு இருக்கிறார். கிராமத்துப் பழைய வீட்டை இடித்தபோது அந்த மகன், அதாவது ஆசிரியையின் தம்பி, கதவு நிலைகளோடு அம்மாவின் பெட்டியிலிருந்த இதையும் எடுத்துக் கடையில் விற்றிருக்க வேண்டும்.

"அம்மா போன தீபாவளிக்கே கேட்டாங்க. பரண்ல இருக்கும், தேடுறேன்மான்னான். இன்னும் தேடிக்கினு இருக்கான்" என்றார். பிறகு அவர் கேட்டது நான் எதிர்பார்க்காதது. "சாமான் உங்ககிட்டயே இருக்கட்டும் சார். பேரை மட்டும் அழிச்சிடுங்க."

"எதுக்கு டீச்சர்?" என்றாள் மனைவி.

"எங்க ஜனம் நிறையப் பேரு இந்தப் பக்கம் வேலைக்கு வராங்க. எவளாவது கொலு பாக்க வந்து படிச்சுட்டான்னு வைங்க, சாயந்தரத்துக்குள்ள அம்மா காதுக்குப் போயிடும். உயிரோட இருக்கும்போதே சீரைப் புள்ளை வித்துட்டான்னு கேட்டா அவங்க அப்புறம் அவன் கையால சோறு வாங்க மாட்டாங்க. அவங்களுக்குப் போறதுக்கு வேற வூடும் இல்ல. என் மாமியார் வூட்ல வந்து இருன்னா இருக்கிற ஆளு இல்ல அவங்க."

மல்லாக்கத் திருப்பி வைத்துவிடுகிறேன், பெயர் தெரியாது என்றேன்.

"திருப்பி வெச்சா பேரு போயிடுமா சார்?"

ராவினால் முத்திரை கெடும் என்று விளக்கினேன். அவர் மரியாதையாகக் கேட்டுக்கொண்டார். மனைவி, "உங்க சிங்கத்துக்காக யாரும் அழப் போறதில்லை" என்றாள். இரண்டு நாள் யோசித்துவிட்டுச் சம்மதித்தேன்.

செங்கல்பட்டுக் கடைத்தெருவில் ஒரு பாத்திரக் கடை வாசலில் பெயர் வெட்டுகிறவர் மெஷினோடு உட்கார்ந்திருப்பார். சனிக்கிழமை நானும் மனைவியும் போனோம். அழிப்பதைத் தன் கண்ணால் பார்க்க வேண்டும் என்று ஆசிரியையும் வந்தார். கீறல் விழாமல் சுற்றி வைத்திருந்த ஃபெல்ட் துணிச் சுருளிலிருந்து முள்கரண்டிகளை எடுத்து அவரிடம் கொடுத்தேன்.

"சுத்தமா எடுக்கணும்னா ஆழமா ராவணும். பக்கத்துல ஏதோ சீல் கீது, அதுவும் பூடும். பரவால்லியா?"

"பரவாயில்லை" என்றேன்.

அவர் மெஷினைப் போடுவதற்கு முன் பெயரை வாய்விட்டுப் படித்தார். "இந்தம்மா இருக்காங்களா?"

"இருக்காங்க. எங்கம்மா" என்றார் ஆசிரியை.

அவர் முள்கரண்டியைப் பலகையில் வைத்துவிட்டார். "அப்ப நான் தொட மாட்டம்மா. செத்தவங்க பேரு ராவிகீறேன். கடனுக்கு வித்தவங்க பேரு ராவிகீறேன். பெத்த பொண்ணு எதுர நின்னுகினு எங்கம்மா பேர அழின்னு சொல்லி எவளும் வந்ததில்ல. அந்தாண்ட கடைக்குப் போங்க. அவன் இன்னா குடுத்தாலும் அழிப்பான்."

நான் அந்தாண்டக் கடையைத் திரும்பிப் பார்த்தேன். ஆசிரியை பலகையிலிருந்த முள்கரண்டிகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கித் தன் கையில் எடுத்துக்கொண்டிருந்தார்.

"வேணாம் சார். நான் இப்படி யோசிக்கவே இல்ல" என்றார்.

எதிரே இருந்த ஓட்டலில் காபி சொன்னோம். காபி வந்தது. பிறகு மனைவி கேட்டாள்:

"டீச்சர், அந்தப் பெட்டிக்குப் பூட்டு உண்டா?"

"பூட்டெல்லாம் இல்லக்கா. கொக்கிதான்."

"அப்ப எடுத்த எடத்துலயே வெச்சுடுங்க."

"தம்பி கேப்பானே."

"எப்படிக் கேப்பான்? வித்தது எப்படித் திரும்பி வந்துச்சுன்னா?"

ஆசிரியை அன்று முதல் முறையாகச் சிரித்தார். அப்புறம் இருவரும் என்னைப் பார்த்தார்கள். முள்கரண்டிகள் சட்டப்படி என்னுடையவை என்பது அப்போதுதான் அவர்களுக்கு நினைவு வந்தது.

எனக்குப் பெரிய மனசு இருந்தது என்று சொல்ல முடியாது. அழிக்கவும் முடியாது, அலமாரியில் வைக்கவும் முடியாது என்றால் அந்தப் பொருளை நான் எங்கே வைப்பது? எடுத்துக்கொள்ளுங்கள் என்றேன். அவர் விலைப் பேச்சை எடுத்தபோது மனைவி குறுக்கே புகுந்து இன்னொரு காபி சொன்னாள். ஃபெல்ட் சுருளோடு கொடுக்கப் போனேன். அதையும் அவள் தடுத்தாள். பெட்டியில் முன்பு எதில் சுற்றி இருந்தது என்று கேட்டாள். பழைய வேட்டித் துணி என்றார் ஆசிரியை. சுருள் என்னிடமே இருந்துவிட்டது.

தீபாவளி முடிந்து ஆசிரியை என் மனைவிக்குத் தொலைபேசியில் சொன்னது இது. பண்டிகைக்குக் கூடுவாஞ்சேரி போனவர் முள்கரண்டிகளை வேட்டித் துணியில் சுற்றி, யாரும் பார்க்காதபோது பெட்டியில் வைத்துவிட்டார். அம்மா கொக்கியைத் தானே நீக்கிப் பெட்டியைத் துழாவி, வேட்டித் துணி மூட்டையை வெளியே எடுத்திருக்கிறார். மகனைக் கூப்பிட்டுக் காட்டியிருக்கிறார்.

"இன்னாடா தேடுன நீ? தோ கீது. பெட்டியில கீறத பரண்ல தேடுனா எப்படிடா கெடைக்கும்? கண்ணு எனக்குப் போச்சா, ஒனக்குப் போச்சா?"

அவன் துணியைப் பிரித்து ஒன்றை எடுத்து, திருப்பிப் பெயரைப் படித்தானாம். அக்காவை ஒரு தடவை பார்த்தானாம். "பரண்ல இல்லம்மா" என்று மட்டும் சொன்னானாம்.

சில வாரங்கள் கழித்துக் கடற்கரைச் சாலைக் கடைக்குப் போனேன். கடைக்காரர் எனக்காகவே காத்திருந்தவர் போலத் தொடங்கினார்.

"சார், முள்ளுக்கரண்டி குடுத்தானே ஒரு ஆளு, அவன் வந்தான். நான் குடுத்த சாமான் கீதான்னு கேட்டான். வித்துப்போச்சு நைனான்னேன். அப்ப எங்க வூட்ல கீறது இன்னாங்கிறான். எனக்கு இன்னா தெரியும்?"

"அப்புறம்?"

"அந்த நாற்காலியில குந்தினான். தண்ணி குடுத்தேன். குடிச்சான். அப்புறம், வாங்கின ஆளு அதுல கீற பேரு யாருதுன்னு கேட்டாரான்னான். கேக்கலன்னேன். சரின்னு எழுந்து பூட்டான்."