படத்தில் சாவு இருந்தால் சொல்லிவிடுவோம்

காலேஜுக்குப் போகும் வழியில், பங்காருபேட்டையில் வண்டி நின்றபோது பேப்பர் வாங்கினேன். அரைப்பக்கத்துக்கு, நேற்று இறந்துபோன நடிகரின் குடும்ப வாழ்க்கை. காலையில் இரண்டே இட்லி, படப்பிடிப்பு இல்லாத நாளில் மகன்களைத் தானே பள்ளிக்கூடம் அழைத்துப் போவது, மனைவியைக் கேட்காமல் ஒரு சட்டைகூட எடுக்காதது. இன்று மூன்று மணிக்கு மெட்ராஸில் இறுதி ஊர்வலம். கடைசி வரி: 'அவருக்கு மனைவியும் இரண்டு மகன்களும் உள்ளனர்.'

அந்த வரியில்தான் எனக்கு யோசனை தட்டியது. இன்னொரு மனைவி இருக்கிறார், தங்கச் சுரங்க ஊரான எங்கள் கோரமண்டலில், பக்கத்து வீட்டுப் பெரியம்மா. சுரங்கத் தொழிலாளர் வீடுகள் வரிசையாக உள்ள எங்கள் லைன் முழுக்கத் தெரியும், வெளியே ஒருத்தருக்கும் தெரியாது. நான் எழுதினால்? பேப்பர் ஓரத்திலேயே தலைப்பு போட்டேன், கீழே என் பெயர். மாலூர் தாண்டுவதற்குள் ஏழு அத்தியாயம் பிரித்தாகிவிட்டது.

ஒயிட்ஃபீல்டு வரும்போது பேனா நின்றது. அவர் செத்ததே பெரியம்மாவுக்குத் தெரியாது. தெரியவிடாமல் செய்தவள் நான்.

எங்கள் லைனில் ஒரு வழக்கம். புருஷன் சுரங்கத்துக்குள் இருக்கும் நேரத்தில் பெண்கள் பிணத்தைப் பார்க்க மாட்டார்கள். தெருவில் சாவு போனால் கதவைச் சாத்திக்கொள்வார்கள். சுரங்கத்தின் கூண்டு லிஃப்டான கேஜ் அவனை மேலே கொண்டுவந்து விட்ட பிறகுதான் திறப்பார்கள். பெரியம்மாவின் புருஷன் ஒருநாள் முதல் ஷிப்டுக்கு என்று சாப்பாட்டுத் தூக்கோடு கிளம்பி, சுரங்க ஷாஃப்ட் பக்கம் போகாமல் மெட்ராஸ் வண்டி ஏறியவர். பெரியம்மாவைப் பொறுத்தவரை அவர் இன்னும் மேலே வரவில்லை.

அதனால் அவர் படம் எது வந்தாலும் அம்மா முதலில் போய்ப் பார்த்துவிட்டு வருவாள். "இதுல சாவு கீது அக்கா, போவாத" என்பாள். இல்லை என்றால் பெரியம்மா தலை நிறைய கனகாம்பரம் வைத்துக்கொண்டு கிளம்பிவிடுவார். வீட்டுக்கு டிவி வந்த பிறகு அந்த வேலை என்னுடையது. சாவு சீன் வருவதற்கு முன்பே டிவியை அமுத்தி அணைத்துவிடுவேன்.

முந்தின நாள் சாயங்காலம் பெரியம்மா எங்கள் வீட்டில் மொச்சை உரித்துக்கொண்டிருந்தார். டிவியில் மாலைக்கு நடுவே அந்த முகம். கீழே 'காலமானார்' என்று எழுத்து ஓடியது. படித்தேன். படித்துவிட்டும் கை தன் பாட்டுக்கு நீண்டு அமுத்தியது.

"சாவு சீனு பெரீம்மா!"

"நல்ல வேள, கண்ணு" என்று சொல்லி அடுத்த காயை எடுத்தார்.

ஒயிட்ஃபீல்டில் இறங்கிவிட்டேன். திரும்பும் வண்டி பத்தரைக்குத்தான் வந்தது. வீட்டுக்கு வரும்போது மணி ஒன்று. பெரியம்மாவை அழைத்துக்கொண்டு மூன்று மணிக்குள் மெட்ராஸ் போக வழியே இல்லை.

அம்மா குழாயடியில் இருந்தாள். "இன்னாடி, காலேஜ் அதுக்குள்ள முடிஞ்சிச்சா?"

"பெரீம்மாவுக்குச் சொல்லணும்மா."

"மெதுவா பேசு. எல்லாருக்கும் தெரியும், ஒருத்தரும் வாயத் தொறக்கல. நீ சொன்னா பொட்டழிக்க பத்து பேரு ஓடியாருவாளுங்க, அப்புறம் ஒருவாய் கஞ்சி ஊத்த எவளும் வரமாட்டா. இத்தினி வருசம் பூவும் பொட்டுமா இருந்துட்டாங்க, அப்டியே இருக்கட்டும். பெரிய மனுசி, வந்துட்டா."

மூன்று மணி அடித்த பிறகுதான் பக்கத்து வீட்டுக்குள் போனேன். பெரியம்மா பூண்டு உரித்துக்கொண்டிருந்தார். நெற்றியில் எட்டணா அளவுக்குக் குங்குமம்.

"வா கண்ணு. நேத்து நீ அமுத்துனியே, அது எந்தப் படம்?"

"பழைய படம் பெரீம்மா."

"பழசுன்றே, கலர்ல வந்துச்சு? தல மொத்தம் பஞ்சாட்டம் கீது. அவ்ளோ கெழவனா அவுரு வேசம் கட்டி நான் பாத்ததேயில்ல. கன்னம் கூட ஒட்டிப்போயி... மேக்கப்காரன் கெட்டிக்காரன்டி." சிரித்தார். "உங்கம்மா எல்லாப் படத்தையும் சொல்லிகீறா, இத மட்டும் சொல்லவேயில்ல. பேரு விசாரிச்சு சொல்லு. ஏமாத்தாத."

"சரி" என்றேன். சுவர்க் கடிகாரத்தில் மூன்றேகால். உரித்த பூண்டை அவர் ஒவ்வொன்றாகக் கிண்ணத்தில் போட்டுக்கொண்டிருந்தார்.

இதை எழுதும்போது அந்தப் பேப்பர் பக்கத்தில் கிடக்கிறது. ஓரத்தில் என் ஏழு அத்தியாயங்கள். பெரியம்மாவுக்குப் படிக்கத் தெரியாதது இந்த ஒரு விஷயத்தில் எனக்கு வசதி.

நாளைக்குக் காலையில் சுரங்கத்துச் சங்கு ஊதி, அம்மா தண்ணீர் பிடிக்கப் போனதும் அங்கே போவேன். அது படம் இல்லை என்று சொல்வேன். அமுத்தியபோதே எனக்குத் தெரியும் என்பதையும் சொல்வேன். பேப்பரைப் படிக்கச் சொன்னால் படிப்பேன். கடைசி வரிக்கு வாய் வருமா தெரியவில்லை. பொட்டுக்காக எவளாவது வாசலுக்கு வந்தால், கதவைச் சாத்திக்கொண்டு அவரோடு உள்ளே உட்காரப் பார்க்கிறேன். அவராகத் திறக்கச் சொல்லும்வரை.