லிஃப்டுக்குள் மகள் பேசினாள்

என் மகள் சஹ்னாவுக்குப் பதினாறு வயது. பிறவியிலேயே கைகால்கள் இறுகிப்போனதால் சக்கர நாற்காலியில்தான் போவாள். பேச்சும் மெல்லத்தான் வரும். அதனால் யார் அவளிடம் எதைக் கேட்டாலும் நானே பதில் சொல்லிவிடுவேன்.

கிண்ணியாவிலிருந்து நகரத்திலுள்ள ஓர்ஸ் ஹில்லுக்கு, இளைஞர்களுக்கான முதலுதவி வகுப்புக்கு அவளைக் கூட்டிச் செல்கிறேன். ஒருநாள் வகுப்பு முடிந்து இறங்கும்போது மின்சாரம் போய், லிஃப்ட் நடுவழியில் நின்றுவிட்டது. கும்மிருட்டு. கதவைத் தட்டித் தட்டிக் கத்தினேன். மூச்சு முட்டி, அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

"உள்ளுக்கு ஆர்?" வெளியே காவலாளியின் குரல். வாயைத் திறந்தேன், சத்தம் வரவில்லை.

"ரெண்டு பேர்... உம்மாக்கு... மூச்செடுக்க ஏலாது," என்றாள் சஹ்னா.

"என்ன? விளங்கல்ல."

சலிக்காமல் மறுபடி மறுபடி சொன்னாள். கடைசியில் அவருக்கு விளங்கியது. "பயப்படாதீங்க புள்ள, ஆள் கூட்டிக்கொண்டு வாறன்," என்று ஓடினார்.

இருட்டில் அவள் கை என் தோளைத் தேடிப் பிடித்தது. "உம்மா... கத்தாதீங்க. என்னோட சேர்ந்து... மெதுவா மூச்ச விடுங்க." கதவை நெம்பித் திறக்கும்வரை அவள் மூச்சைக் கேட்டுக் கேட்டு நானும் மூச்சுவிட்டேன்.

வெளியே வந்ததும் காவலாளி என்னிடம், "புள்ள பயந்திட்டாவா?" என்று கேட்டார். பதில் நாக்கு நுனிவரை வந்தது. அடக்கிக்கொண்டு மகளைப் பார்த்தேன்.

"ஓம், பயந்தனான்," என்றாள். "உம்மா... என்னைவிடப் பயந்தவ."

இப்போது யாராவது அவளிடம் பேசினால் நான் குறுக்கிடுவதில்லை. வகுப்புக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு மூச்சுப் பயிற்சி சொல்லிக்கொடுப்பது அவள்தான். அவள் சொல்லி முடிக்கும்வரை எல்லோரும் காத்திருக்கிறார்கள், நானும்தான்.