நான் வெட்டிய அடுப்படிக் காட்சி

ஒரு பிரெஞ்சுப் படத்துக்குத் தமிழ் வசனம் எழுதியபோது, அதிலிருந்த ஒரு காட்சியை வெட்டச் சம்மதித்தேன். அதே படத்தில் ஒரு பெண் உண்மையாகவே சொன்ன மறுப்பைச் சிணுங்கலாக மாற்றி எழுதினேன். இரண்டையும் தெரிந்தே செய்தேன். பிரான்சில் இருக்கும் நம்மவர்களிடம் என்னைப் பற்றி ஒரு கதை உலவுவதாக அறிகிறேன். அதில் பெரும்பகுதி உண்மைதான். மீதியையும் நானே எழுதிவிடுகிறேன்.

முப்பது ஆண்டுகளுக்கு மேல் பாரீசின் புறநகர் ஒன்றில் வாழ்ந்தேன். ஓய்வு பெற்று, மனைவி இறந்தபின் புதுச்சேரிக்குத் திரும்பினேன். முதலில் விநோதமாகப் பட்டது தேநீர். முதலியார்பேட்டையில் என் வீட்டுக்கு எதிர்க்கடையில் போய் நின்றால் டீ வரும், சர்க்கரையோடு. எனக்கு நீரிழிவு. முதல் நாள் சர்க்கரை வேண்டாம் என்றேன். கடைக்காரர் ஏழுமலை, "கொஞ்சூண்டுதான் மொசியே, ஒண்ணும் ஆவாது" என்று ஒரு கரண்டி போட்டு ஆற்றிக் கையில் கொடுத்தார். மொசியே என்றால் பிரெஞ்சில் ஐயா. மறுநாளும் சொன்னேன், மறுநாளும் போட்டார். அதன்பின் சொல்வதை விட்டுவிட்டேன். பிரான்சில் ரொட்டிக்கடையில்கூடக் கேள்விகள் உண்டு. வெட்டித் தரவா, நன்றாக வெந்ததா, வேறேதும் வேண்டுமா. முப்பது ஆண்டு பதில் சொல்லிச் சொல்லிச் சலித்துப்போனவனுக்கு, கேட்காமல் கையில் வந்த இந்த டீ சொந்தக்காரர்களின் உரிமை போல் இருந்தது. பாதி குடித்துவிட்டு மீதியைக் கொட்டிவிடுவேன்.

பிரான்சில் நான் வேலை பார்த்தது மெரியில், அதாவது நகராட்சி அலுவலகத்தில், திருமணப் பதிவுப் பிரிவில். அங்கே திருமணம் நடக்கும்போது கூடத்தின் கதவைத் திறந்தே வைக்க வேண்டும். ஆட்சேபம் உள்ள எவரும் உள்ளே வரலாம் என்பதற்காக அப்படி ஒரு சட்டம். குளிர்காலத்திலும் அந்தக் கதவுக்குப் பக்கத்தில்தான் என் நாற்காலி. ஒருமுறை நம் ஊர்ப் பெண் ஒருத்தி மணப்பெண்ணாக நின்றாள். சம்மதமா என்று அதிகாரி கேட்டார். அவள் நம் வழக்கப்படி தலையை இருபக்கமும் லேசாக ஆட்டினாள். மறுக்கிறாள் என்று நினைத்து அவர் பேனாவை மூடிவிட்டார். நான் எழுந்து, "எங்கள் ஊரில் அதற்கு ஆம் என்றுதான் பொருள்" என்றேன். அவர் என் பக்கம் திரும்பாமலே, "உங்களைக் கேட்கவில்லை, மொசியே" என்றார். அந்தப் பெண் "வீ", அதாவது ஆம், என்று வாய்விட்டுச் சொல்லும்வரை காத்திருந்தார். எவ்வளவு ஈரமில்லாத ஜனங்கள் என்று அன்று மாலை என் மனைவியிடம் குறைபட்டுக்கொண்டேன். அதற்குப் பிறகும் எத்தனையோ பேர் அந்தக் கூடத்தில் 'வீ' சொல்லக் கேட்டேன். காதுக்கு அது மழைச் சத்தம் போல ஆகிவிட்டது.

இங்கே திரும்பிய இரண்டாவது ஆண்டில் பாஸ்கர் என்பவர் என்னைத் தேடி வந்தார். வி.சி.டி. தட்டுகள் தெருவுக்குத் தெரு வாடகைக்குக் கிடைத்த காலம். லாஸ்பேட்டையில் ஒரு மாடி அறை, எதிரொலி வராதிருக்கச் சுவரெல்லாம் முட்டை அட்டை ஒட்டியிருந்தது. அதுதான் அவருடைய ஒலிப்பதிவுக்கூடம். பிரெஞ்சுப் படம் ஒன்று கைக்கு வந்திருக்கிறது, மொழி தெரிந்தவர் யாரும் இல்லை என்றார். எனக்கு என்னுடைய பிரெஞ்சைப் பேச ஆளில்லாமல் இருந்தது. ஒப்புக்கொண்டேன். காசுக்காகச் செய்யவில்லை. அது என் குற்றத்தைக் குறைக்காது.

அது பெரியவர்களுக்கான படம். ஒரு பள்ளி ஆசிரியை, ஓர் ஆண். அவளுக்குக் கைகள் கட்டப்படுவதில் விருப்பம். படத்தில் அது நடப்பதற்கு முன் அடுப்படிக் காட்சி ஒன்று வரும். இருவரும் மேசையில் உட்கார்ந்து காபி குடித்தபடி பேசுவார்கள். தனக்கு என்ன பிடிக்கும், எது கூடாது, எங்கே தொட்டால் பயம் என்று அவள் சொல்வாள். அவன் சந்தேகம் கேட்பான், தனக்குள்ள பயத்தையும் சொல்வான். நடுவில் சிரித்துக்கொள்வார்கள். 'எலுமிச்சை' என்று அவள் சொன்னால் அத்துடன் நிறுத்திவிட வேண்டும் என்று முடிவு செய்வார்கள். பிறகு ஒரு கட்டத்தில் அவள் அதைச் சொல்வாள். அவன் அந்தக் கணமே கட்டை அவிழ்த்து, தண்ணீர் கொண்டுவந்து கொடுத்து, பக்கத்தில் சும்மா உட்கார்ந்திருப்பான். பிரான்சிலும் இந்த வகைப் படங்களில் இப்படிப்பட்ட காட்சி அபூர்வம். அங்கும் பெரும்பாலான படங்களில் கயிறு இருக்கும், பேச்சு இருக்காது. பேச்சு இருந்த ஒன்று என் கையில் கிடைத்தது.

பாஸ்கர் அடுப்படிக் காட்சியை ஓட்டிப் பார்த்துவிட்டுக் கொட்டாவி விட்டார். "இன்னா மொசியே, இதுங்க பேசிக்கினே கீதுங்க? தூக்கிடலாமா?" என்றார். நான் தலையாட்டினேன். நம் வழக்கப்படிதான். அவர் புரிந்துகொண்டார். அது போனதும் எலுமிச்சைக்கு அர்த்தமில்லாமல் போயிற்று. அந்த இடத்தில் "ஐயோ, வேணாங்க" என்று எழுதினேன். அவிழ்ப்பதையும் தண்ணீரையும் பாஸ்கர் வெட்டிவிட்டு, மறுநாள் காலை அவள் சிரிக்கும் காட்சியை ஒட்டினார். குரல் கொடுக்க வந்த பெண் காதில் கருவியை மாட்டிக்கொண்டு தாளைப் பார்த்தாள். "சார், இந்த வேணாங்கறது நெசமாவா, சும்மாவா?" என்று கேட்டாள். அந்த அறையில் கேட்க வேண்டிய ஒரே கேள்வியை அவள்தான் கேட்டாள். நான், "சும்மாதான்மா. கொஞ்சம் சிணுங்கினாப்புல சொல்லு" என்றேன்.

தட்டு ஊருக்குள் சுற்றியது. ஏழுமலை கடையிலும் ஆண்கள் அதைப் பற்றிப் பேசினார்கள். ஒருவர், "வெள்ளக்காரிங்க அப்புடித்தான், ஒரு மாதிரி வியாதி அது" என்பார். இன்னொருவர், "போய்யா, எல்லா பொம்பளைக்கும் உள்ளுக்குள்ள இதான், வெளில சொல்ல மாட்டாளுங்க" என்பார். கடை முழுக்கச் சிரிக்கும். அந்தப் படத்தைப் பார்த்த ஊரில் இந்த இரண்டு கருத்துகள்தான் இருந்தன. ஒன்றில் அந்த விருப்பம் நோய். மற்றதில் கேட்பதே வீண். இரண்டு பேர் காபியை வைத்துக்கொண்டு பேசி முடிவு செய்யக்கூடிய விஷயம் அது என்ற மூன்றாவது கருத்து யாருக்கும் வரவில்லை. வர வழியில்லை, அதைத்தான் வெட்டியிருந்தோம். நான் டீயைக் குடித்துக்கொண்டிருந்தேன்.

மிக்கேல் எனக்குச் சித்தப்பா மகன், இரண்டு தெரு தள்ளி வீடு. அவன் மகள் ரீத்தா லாஸ்பேட்டையில் ஒரு கல்லூரி அலுவலகத்தில் வேலை பார்த்தாள். அவளைப் பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள குடும்பத்துப் பையன் ஜெராருக்குக் கட்டிவைத்திருந்தார்கள். பிரான்சு மாப்பிள்ளை என்றால் எங்கள் பக்கத்தில் என்ன மதிப்பு என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. விசா வந்துவிட்டது. பயணத்துக்குச் சில வாரங்கள் இருக்கும்போது ரீத்தா பெட்டியோடு அப்பன் வீட்டுக்கு வந்து, அவனோடு போக மாட்டேன் என்றாள். இரு குடும்பமும் கூடியது. பெரியவன், பிரான்சில் இருந்தவன், படித்தவன் என்று என்னையும் கூப்பிட்டார்கள்.

அவள் சுவரில் சாய்ந்து நின்றபடி சொன்னாள். "கையக் கட்டிட்டாரு. வேணாம்னு சொன்னேன். அழுதேன். அவுக்கல. அது ஒரு நாள் இல்ல." அவள் அம்மா எழுந்து உள்ளே போய்விட்டாள். மற்றவர்கள் தரையைப் பார்த்தார்கள். ஜெரார் முரடன் மாதிரி பேசவில்லை. குழம்பிப்போனவன் மாதிரிப் பேசினான். "மாமா, நான் அவள அடிக்கல. சும்மா சொல்றான்னுதான் நெனச்சேன். எல்லாரும் பாக்குற படந்தான் அது. அதுல அந்தப் பொண்ணும் வேணாங்கன்னுதான் சொல்லும். காலைல பாத்தா சிரிக்கும்."

மிக்கேல் என் பக்கம் திரும்பினான். "அண்ணே, நீங்க அங்க இருந்தவரு. சொல்லுங்க. அங்கல்லாம் இது சகஜந்தானே?"

ரீத்தாவும் என்னைப் பார்த்தாள். அந்த வீட்டில் அவள் பக்கம் பேசக்கூடியவன் நான் ஒருவன்தான் என்று நினைத்திருக்க வேண்டும். கேட்டுவிட்டுத்தான் செய்வார்கள், வேண்டாம் என்றால் விட்டுவிடுவார்கள் என்று ஒரு வாக்கியம் சொன்னால் போதும். சொன்னால் பேச்சு படத்துக்குத் திரும்பும், அந்தப் படம் உங்களுக்கு எப்படித் தெரியும் என்று யாராவது கேட்பார்கள் என்ற பயம். "சின்னஞ்சிறுசுங்க. பேசித் தீத்துக்குவாங்க" என்றேன். அவள் என்னைப் பார்ப்பதை நிறுத்திக்கொண்டாள். படத்துக்குச் செய்ததைவிட இது பெரிய குற்றம். படத்தில் அந்தப் பெண் யாரென்று எனக்குத் தெரியாது, இவள் என் தம்பி மகள்.

அடுத்த வாரம் பாஸ்கரிடம் போனேன். வெட்டியதைச் சேர்த்து மறுபடி வெளியிடச் சொன்னேன். முழு வசனத்தையும் எழுதித் தருகிறேன் என்றேன். அவர் சிரித்தார். "அடுப்பங்கரைல உக்காந்து ரெண்டு பேரு பேசறதுக்குத்தான் டி.வி.ல சீரியல் கீதே மொசியே. வீட்டுக்குப் போங்க, வெயில் ஏறுது."

வீட்டுக்குப் போகவில்லை. மிக்கேலிடம் போய், ஜெரார் வீட்டாரையும் வரச் சொல்லி, எல்லாவற்றையும் சொன்னேன். வெட்டியதை, சிணுங்கலை, அன்று உண்மையைச் சொல்லாமல் மழுப்பியதை. சொல்லி முடித்தபோது மனம் லேசாக இருந்தது. நல்லது நடக்கும் என்று நினைத்திருந்தேன்.

மிக்கேல் நிம்மதியாக மூச்சு விட்டான். "அப்ப பையன் மேல தப்பில்ல. படம் பண்ண வேல" என்றான். ஜெராரின் தாய் அழுதுகொண்டே, "எம்புள்ளைய இன்னான்னு நெனச்சீங்க? எவனோ எழுதி வச்சத பாத்து ஏமாந்துட்டான்" என்றாள். ஜெரார் என்னை நன்றியோடு பார்த்தான். அந்தப் பார்வையை மறக்க முடியவில்லை. அரை மணி நேரத்தில் என் வாக்குமூலம் அவனுக்கு விடுதலைப் பத்திரம் ஆகிவிட்டது. இனி ரீத்தா பெட்டியை எடுக்க வேண்டியதுதான் என்று பேச ஆரம்பித்தார்கள்.

அவள் உள்ளிருந்து வந்தாள்.

"பெரியப்பா, இப்ப உங்கள யாரும் கேக்கல. அன்னிக்குக் கேட்டாங்க. நான் வேணாம்னு சொன்னது உங்க வசனம் இல்ல. அது என் வாய். என் அழுகை. அது அவருக்கு நல்லாக் கேட்டுது. படத்துல கத்துக்குனது எல்லாத்தையும் ஞாபகம் வச்சிக்குனவருக்கு, பக்கத்துல அழுவறவ மட்டும் எப்படித் தெரியாமப் போவும்?"

அவள் பெட்டியை எடுத்தாள், ஆனால் லாஸ்பேட்டையில் வேலைக்குப் போகும் பெண்கள் தங்கும் விடுதிக்கு. ஜெரார் தனியாகப் பிரான்சு போனான். மிக்கேல் என்னோடு பேசுவதில்லை. நான் எழுதியதற்காக அல்ல, சொன்னதற்காக. சொல்லாமல் இருந்திருந்தால் எப்படியாவது அனுப்பிவைத்திருக்கலாம் என்று இன்றும் நம்புகிறான்.

சில மாதம் கழித்து அவளுடைய கல்லூரி வாசலில் காத்திருந்தேன். மன்னிப்புக் கேட்டேன். அவள் மன்னிப்பைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு, "அந்த ரெண்டு பேரும் அப்படி இன்னா பேசிக்குவாங்க? சொல்லுங்க" என்றாள். மதில் ஓரமாக நின்று முழுக் காட்சியையும் தமிழில் சொன்னேன். எலுமிச்சை வரைக்கும். அதற்கு முன் நான் செய்த எந்த மொழிபெயர்ப்பும் அவ்வளவு சரியாக வந்ததில்லை.

"அவ்ளோதானா?" என்றாள். "காபி ஆறதுக்குள்ள பேசிடலாமே இத."

பிறகு தலைக்கவசத்தைக் கையில் வைத்துக்கொண்டு, "என்னைக் கேட்டிருந்தா நான் வேணாம்னுதான் சொல்லியிருப்பேன், பெரியப்பா. ஆனா கேட்டிருந்தா, அன்னிக்கு அவரோட பிளேன்ல போயிருப்பேன்" என்றாள். வண்டியைக் கிளப்பிக்கொண்டு விமான நிலையச் சாலைப் பக்கம் திரும்பினாள். அவளுடைய விடுதி அந்தப் பக்கம்தான்.

என் கதை ஏழுமலை கடைக்கும் வந்து சேர்ந்தது. ஒரு நாள் காலை போய் நின்றேன். டீ வரவில்லை. கண்ணாடித் தம்ளரைக் கையில் பிடித்தபடி ஏழுமலை என்னைப் பார்த்து, "மொசியே, சக்கரை போடட்டுங்களா?" என்றார். பெஞ்சில் இருந்தவர்கள் சிரித்தார்கள். "நல்லாக் கேட்டுக்கோப்பா, அப்பால கேஸாயிடும்" என்றார் ஒருவர். "வேணாம்னா நெசமாவா சும்மாவான்னும் கேளு" என்றார் இன்னொருவர்.

"நிஜமாக வேண்டாம்" என்றேன்.

போடவில்லை. இந்தக் கடையில் நான் குடித்த முதல் சர்க்கரையில்லாத டீ அது. அன்று முதல் தினமும் கேட்கிறார். பெஞ்சில் இப்போது யாரும் சிரிப்பதில்லை, பழகிவிட்டது. மற்ற யாரையும் அவர் கேட்பதில்லை. அவர்கள் ஊர்க்காரர்கள், அவர்களுக்கு டீ தானாக வந்துவிடும். என் முறை வரும்போது மட்டும் கரண்டி சர்க்கரை டப்பாவுக்கு மேல் ஒரு கணம் நிற்கும். நான் பதில் சொல்கிறேன்.